தோட்டத்திற்குத் தேன்சிட்டை வரவழைத்தல்

வட இந்தியாவில் குளிர் தணிந்து வெயில் ஏறத் தொடங்கும் மார்ச்சு மாதத்தில், பள்ளித் தோட்டங்களிலும் வீட்டு முற்றங்களிலும் கருநீலமாய் மின்னும் சின்னஞ்சிறு பறவை ஒன்று பூவுக்குப் பூ தாவித் திரிவதைக் காணலாம். அதன் அலகு மெலிந்து நீண்டு, கீழ்நோக்கி வளைந்திருக்கும். சில வேளைகளில் அது பூவின் எதிரே இறகடித்து ஒரு கணம் அந்தரத்தில் நிற்பதும் உண்டு. இதைக் காணும் மாணவர்கள், தாம் படத்தில் பார்த்த ஹம்மிங் பறவை இதுவே என்று கருதுகின்றனர். ஆசிரியர்களிற் சிலரும் அவ்வாறே சொல்லிக் கொடுப்பதுண்டு. ஹம்மிங் பறவை இந்தியாவில் இல்லை. இங்குக் காணப்படுவது தேன்சிட்டு.

இது பெயரளவிலான பிழைதானே என்று விட்டுவிடுவதற்கில்லை. அமெரிக்காவில் வீட்டுத் தோட்டங்களில் சர்க்கரை நீர்ப் புட்டிகளைத் தொங்கவிட்டு ஹம்மிங் பறவைகளை வரவழைப்பது வழக்கம். அதைப் பார்த்து, இங்கும் சிவப்புப் புட்டி ஒன்றைக் கட்டிவிட்டால் போதும் எனப் பலர் எண்ணுகின்றனர். தேன்சிட்டுக்கு வேண்டுவன எவை என்பதை அறிந்தால், புட்டி எவ்வளவு சிறிய காரியம் என்பதும், தோட்டக்காரரின் மருந்துத் தெளிப்பான் எவ்வளவு பெரிய காரியம் என்பதும் விளங்கும்.

இரு வேறு குலங்கள்

ஹம்மிங் பறவைகள் ஏறக்குறைய 360 இனங்களாகும். அவை அனைத்தும் இன்று வட, தென் அமெரிக்கக் கண்டங்களிலும் அவற்றை ஒட்டிய தீவுகளிலும் மட்டுமே வாழ்கின்றன. உடலமைப்பால் அவை உழவாரக் குருவிகளுக்கு நெருங்கிய உறவினை உடையவை. தோள்மூட்டில் சிறகை முழுவதும் திருப்பி அடிக்கும் ஆற்றல் இருப்பதால், அவை அந்தரத்தில் நெடுநேரம் நிற்கவும் பின்புறமாகப் பறக்கவும் வல்லவை.

தேன்சிட்டுகள் ஏறக்குறைய 145 இனங்களாகும். இவை ஆப்பிரிக்கா, தெற்காசியா, தென்கிழக்காசியா ஆகிய பகுதிகளிலும், கிழக்கே ஆஸ்திரேலியாவின் வடபகுதி வரையிலும் பரவியுள்ளன. கிளையில் அமர்வதற்கேற்ற காலமைப்பை உடைய பாடும் பறவைகளின் பெரும் பிரிவைச் சேர்ந்தவை இவை. காக்கையும் ஊர்க்குருவியும் அப்பிரிவினவே. இவ்வாறு தொலைவான இரு குலங்களில் தோன்றியும், பூந்தேன் என்னும் ஒரே உணவை நாடியதால், நீண்ட அலகு, குழல் போன்ற நாக்கு, சிறிய உடல், மின்னும் இறகு ஆகியவற்றில் இரண்டும் ஒத்திருக்கின்றன. ஒரே தொழில் ஒரே வகையான கருவியை உண்டாக்குகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டை வகுப்பறைக்கு வெளியே காண்பது அரிது.

தோட்டம் அமைப்போர் இங்கு ஒரு வேற்றுமையை மனத்திற்கொள்ள வேண்டும். ஹம்மிங் பறவை பறந்தவாறே தேன் அருந்தும். தேன்சிட்டோ பெரும்பாலும் அமர்ந்தே அருந்தும். அந்தரத்தில் நிற்பது அதற்குச் சில நொடிகளுக்கே இயலும். ஆகவே பூவின் அருகே கால் பற்றுவதற்கு உறுதியான காம்போ கிளையோ உள்ள செடியே அதற்கு ஏற்றது.

ஊதாத் தேன்சிட்டு

இந்தியாவின் பெரும்பகுதியில் எளிதிற் காணக் கூடியது ஊதாத் தேன்சிட்டு. நீளம் ஏறத்தாழ 10 செ.மீ.; எடை 10 கிராமுக்கும் குறைவு. இனப்பெருக்கக் காலத்தில் ஆண் பறவை தொலைவிலிருந்து பார்க்கும்போது கறுப்பாகத் தோன்றும். வெயில் பட்டால் நீலமும் ஊதாவும் மின்னும். பெண் பறவை மேற்புறம் மங்கிய பழுப்புப் பச்சையாகவும், அடிப்புறம் வெளிர் மஞ்சளாகவும் இருக்கும். இனப்பெருக்கம் முடிந்த பிறகு ஆண் பறவையும் தன் பளபளப்பை இழந்து பெண்ணைப் போலாகிவிடும். ஆயினும் அதன் தொண்டையிலிருந்து வயிறு வரை ஒரு கரும்பட்டை எஞ்சியிருப்பதைக் கொண்டு அதனை அடையாளம் காணலாம். கருநீலச் சிட்டு எங்கோ போய்விட்டது என்று மாணவர்கள் கூறும்போது, அது உடை மாற்றிக்கொண்டு தோட்டத்திலேயே இருக்கக் கூடும் என்பதை ஆசிரியர் சுட்டிக் காட்டலாம்.

தீபகற்ப இந்தியாவிலும் வங்காளத்திலும் இதனோடு ஊதாப்பிட்டத் தேன்சிட்டும் காணப்படும். அதன் ஆண் பறவைக்கு மஞ்சள் வயிறும், மின்னும் பச்சை உச்சியும் உண்டு; அது ஆண்டு முழுவதும் தன் நிறத்தை மாற்றுவதில்லை. தீபகற்பத்தில் இன்னும் நீண்ட அலகுடைய லோட்டன் தேன்சிட்டும், இமயத்தின் அடிவாரத்திலும் வடகிழக்கிலும் செந்தேன்சிட்டும் வாழ்கின்றன. பின்வரும் குறிப்புகள் வட இந்தியச் சமவெளியின் ஊதாத் தேன்சிட்டை முன்னிட்டு எழுதப்பட்டவையாயினும், ஏனைய இனங்களுக்கும் பெரும்பாலும் பொருந்தும்.

தேன் மட்டும் உணவன்று

பெயரைக் கண்டு, தேன்சிட்டு தேனை மட்டுமே உண்டு வாழ்வதாக எண்ணிவிடலாகாது. பூந்தேன் என்பது பெரும்பாலும் சர்க்கரையும் நீருமே. பறப்பதற்கான ஆற்றலை அது உடனே தரும். ஆயினும் சதையும் இறகும் வளர்வதற்கு வேண்டிய புரதம் அதில் மிகவும் குறைவு. அக்குறையைச் சிறு பூச்சிகளும் சிலந்திகளும் ஈடு செய்கின்றன. வளர்ந்த பறவைகள் அவற்றை அவ்வப்போது பிடித்து உண்ணும். குஞ்சுகளுக்கோ அவையே முதன்மையான உணவு. முட்டையிலிருந்து வெளிவந்த குஞ்சு இரண்டு வாரங்களுக்குள் இறகு முளைத்துப் பறக்க வேண்டியிருப்பதால், தாயும் தந்தையும் பகல் முழுவதும் இலைகளின் அடியிலும், சுவரோரத்திலும், வலைகளிலும் தேடிச் சிலந்திகளையும் மென்மையான பூச்சிகளையும் கொணர்ந்து ஊட்டுகின்றன.

சிலந்தி இன்னொரு வகையிலும் இன்றியமையாதது. தேன்சிட்டின் கூடு சிலந்தி நூலால் பிணைக்கப்பட்டது. சிலந்தி இல்லாத தோட்டத்தில் குஞ்சுக்கு இரையும் இல்லை. கூட்டுக்குக் கயிறும் இல்லை.

பூவும் பறவையும்

பறவைகள் நாடும் பூக்களுக்குச் சில பொது இயல்புகள் உண்டு. அவை பெரும்பாலும் சிவப்பாகவோ செம்மஞ்சளாகவோ இருக்கும், பகலில் மலரும், மணம் மிகக் குறைவு, தேன் மிகுதி. அலகால் துழாவும்போது எளிதிற் கிழியாதபடி இதழ்கள் தடித்திருக்கும். மல்லிகையைப் போல வெண்மையும் மணமும் உடைய இரவுப் பூக்கள் அந்துப்பூச்சிகளுக்கு உரியவை. தேன்சிட்டு அவற்றை நாடுவது அரிது.

இந்த உறவில் மரத்திற்கும் பயன் உண்டு. புரச மரத்தை எடுத்துக்கொள்வோம். வடக்கே தாக், பலாஷ் என வழங்கும் இம்மரம் மார்ச்சு மாதத்தில் இலையுதிர்த்துத் தீப்பிழம்பெனப் பூக்கும். தில்லிப் பல்கலைக் கழகத்தைச் சேர்ந்த தாவரவியலறிஞர்கள் இதன் இனப்பெருக்கத்தை ஆராய்ந்து 2003 ஆம் ஆண்டில் ஒரு கட்டுரை வெளியிட்டனர். ஏழு இனப் பறவைகள் இப்பூக்களை நாடி வந்தபோதிலும், மகரந்தச் சேர்க்கையைப் பயனுற நடத்தியவை ஊதாத் தேன்சிட்டும் அணிலுமே என்றும், அவ்விரண்டில் தேன்சிட்டே சிறந்தது என்றும் அதில் கண்டனர். மற்றப் பறவைகள் விருந்தினராய் வந்து சென்றன; வேலை செய்தது இச்சிறு பறவையே.

ஆனால் தேன்சிட்டு எப்பொழுதும் நேர்மையான வாடிக்கைக்காரன் அன்று. குழல் மிக நீண்ட பூக்களில், அடிப்பாகத்தை அலகால் குத்தித் துளையிட்டு, மகரந்தத்தைத் தொடாமலே தேனை எடுத்துச் செல்வதும் உண்டு. பூவின் அடியில் சிறு துளையோ கீறலோ காணப்பட்டால் மாணவர்கள் இதனை நினைவு கூரலாம்.

நடத் தக்கவை

ஒரே செடியை வரிசையாக நடுவதைவிட, ஆண்டு முழுவதும் ஏதேனும் ஒன்று பூத்திருக்குமாறு பலவற்றைத் தேர்ந்தெடுப்பதே முறை. ஒரு மாதம் நிறைந்த விருந்தும் மறு மாதம் வெறுமையும் உள்ள தோட்டத்தில் பறவை தங்காது.

இடம் மிகுதியாக உள்ள பள்ளிகளில் இலவ மரம், புரசு, முள்முருக்கு ஆகியவற்றை எல்லையோரத்தில் நடலாம். இம்மூன்றும் குளிர்காலத்தின் இறுதியிலும் கோடையின் தொடக்கத்திலும், அதாவது பறவை கூடு கட்டும் காலத்திற்குச் சற்று முன்னும் அதன் தொடக்கத்திலும் பூப்பவை. ராஜஸ்தானம் போன்ற வறண்ட பகுதிகளில் ரோஹிடா மரமும், கேர் என வழங்கும் முட்புதரும் ஏற்றவை.

இடம் குறைந்த வீடுகளுக்குச் செம்பருத்தி, வெட்சி, கல்வாழை, ஹமீலியா ஆகியவை போதும். செம்பருத்தியில் ஒற்றை இதழ் வகையே சிறந்தது. அடுக்கு வகையில் நெருங்கிய இதழ்களுக்கிடையே தேனை எட்டுவது பறவைக்குக் கடினம். கிணற்றடியிலோ கழிவு நீர் செல்லும் வாய்க்கால் ஓரத்திலோ இரண்டு வாழைகள் இருந்தால், வாழைப்பூவின் தேனுக்காகவும் சிட்டு வரும். குளிர்காலப் பற்றாக்குறையைப் போக்க, வேலியின் மேல் பைரோஸ்டீஜியா என்னும் செம்மஞ்சள் குழல் பூக்கொடியைப் படர விடலாம். இக்கொடியும் ஹமீலியாவும் அமெரிக்கக் கண்டத்தவை. ஹம்மிங் பறவைகள் நாடும் பூக்களை உடையவை. அங்கே ஹம்மிங் பறவைக்கு அமைந்த பூ, இங்கே தேன்சிட்டுக்கும் பொருந்துகிறது.

இரண்டு செடிகளைப் பற்றி எச்சரிக்கை தேவை. உண்ணிச்செடியின் பூவைத் தேன்சிட்டு விரும்பும் என்பது உண்மையே. ஆயினும் காடுகளையும் மேய்ச்சல் நிலங்களையும் ஆக்கிரமித்துப் பெருங்கேடு விளைத்துள்ள அந்நியக் களையாதலால், அதனை நடலாகாது. மற்றொன்று புல்லுருவி. மா முதலிய மரங்களின் மேல் ஒட்டி வளரும் இதன் பூக்களில் மகரந்தச் சேர்க்கை செய்வது தேன்சிட்டு. இதன் பழத்தை உண்டு விதையை வேறு கிளைகளில் சேர்ப்பது மலர்கொத்திச் சிட்டு. பழத்தோட்டத்தில் புல்லுருவி கண்டால், ஒட்டிய இடத்திற்குக் கீழே கிளையோடு வெட்டி நீக்க வேண்டும். அதற்காகப் பறவையை விரட்ட வேண்டுவதில்லை. வேலியோரத்துக் காட்டு மரங்களில் உள்ள சிலவற்றை விட்டு வைப்பதால் தீங்கில்லை.

சர்க்கரை நீர் வேண்டுமா?

அமெரிக்காவில் ஒரு பங்கு வெள்ளைச் சர்க்கரைக்கு நான்கு பங்கு நீர் என்ற அளவில் கரைசல் செய்கின்றனர். சில நாட்களுக்கு ஒரு முறையும், வெப்பம் மிகுந்தால் அதைவிட அடிக்கடியும் புட்டியைக் கழுவிப் புதுக்கரைசல் ஊற்றுவது அங்கு விதி. வட இந்தியக் கோடையில் வெப்பம் 40 பாகையைத் தாண்டும்போது சர்க்கரை நீர் விரைவில் புளித்துப் பூசணம் பிடிக்கும். விடுமுறை நாட்களில் கழுவுவார் இன்றிக் கிடக்கும் புட்டி நோய்க்கு இடமாகும். எறும்பும் குளவியும் மொய்க்கும். தேனைக் கரைத்து வைப்பது இன்னும் தீது. அதில் பூசணம் எளிதில் வளரும். சிவப்புச் சாயம் கலப்பது தேவையற்றது.

இவ்வளவு தொல்லையும் ஏற்று வைத்தாலும், கரைசலில் குஞ்சுக்கு உணவில்லை. ஆகவே பள்ளிகளில் புட்டியைத் தவிர்த்துச் செடி நடுவதே நன்று. அதற்குப் பதிலாகக் கோடையில் காலை வேளைகளில் செடிகளின் இலை நனையுமாறு நீர் தெளிக்கலாம். தேன்சிட்டு ஈரமான இலைகளின் மேல் புரண்டு குளிப்பதை மாணவர்கள் மகிழ்ச்சியோடு காண்பர்.

கூட்டை அறிதல்

வட இந்தியாவில் ஊதாத் தேன்சிட்டு பெரும்பாலும் ஏப்ரல் முதல் ஜூன் வரை, அதாவது மழைக்காலத்திற்கு முன்னர், இனம் பெருக்கும். தாழ்ந்த கிளையின் நுனியிலும், கொடியிலும், வராந்தாவில் தொங்கும் கம்பியிலும், மின் கம்பித் துண்டிலும் கூடு தொங்கும். பேரிக்காய் வடிவான பை போன்ற அக்கூட்டில் பக்கவாட்டில் ஒரு வாயிலும், வாயிலின் மேல் சிறு தாழ்வாரம் போன்ற நீட்டமும் இருக்கும். புல், நார், மரப்பட்டைத் துணுக்கு, கம்பளிப்புழுவின் எச்சம், காகிதத் துண்டு ஆகியவற்றைச் சிலந்தி நூலால் பிணைத்துப் பெண் பறவை இதனைக் கட்டும். பார்வைக்கு இது காற்றில் சிக்கிய குப்பை போலத் தோன்றும். அத்தோற்றமே அதற்குக் காவல். அதுவே அதன் ஆபத்தும் ஆகும். ஒட்டடை அடிப்பவர் குப்பையென்று கருதி ஒரே வீச்சில் கூட்டைத் துடைத்துவிடுவது பல இடங்களில் நிகழ்கிறது.

இரண்டு அல்லது மூன்று முட்டைகள் இடப்படும். பெண் பறவை இரண்டு வாரத்திற்குச் சற்று மேல் அடைகாக்கும். குஞ்சுகள் மேலும் ஏறத்தாழ இரண்டு வாரம் கூட்டில் இருக்கும். ஆகவே முட்டையிட்ட கூட்டைக் கண்டது முதல் ஐந்து வாரங்களுக்கு அக்கிளையை வெட்டாமலும், அவ்விடத்தில் ஒட்டடை அடிக்காமலும் இருந்தால் போதும். கூட்டை மாணவர்கள் தொடவோ, உள்ளே விரல் விடவோ கூடாது; ஐந்தாறு அடி தொலைவிலிருந்து சற்று நேரம் பார்த்துவிட்டு அகல வேண்டும். அடிக்கடி ஆட்கள் செல்லும் வழி காக்கைக்கும் பூனைக்கும் தடம் காட்டும். காட்டுயிர்களின் கூட்டையும் முட்டையையும் அழிப்பது 1972 ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தால் தடுக்கப்பட்டுள்ளது என்பதையும் மாணவர்களுக்கு எடுத்துரைக்கலாம்.

ஆண் பறவை சன்னல் கண்ணாடியில் தன் உருவத்தைக் கண்டு, வேறோர் ஆண் என்று கருதிப் பல நாட்கள் கொத்திக்கொண்டிருப்பதும் உண்டு. அக்கண்ணாடியின் வெளிப்புறத்தை ஒரு துணியால் மூடிவிட்டால் பறவையின் வீண் உழைப்பு நீங்கும்.

மருந்து தெளித்தல்

களப்பணியாளர் சிறப்பாகக் கவனிக்க வேண்டுவது இப்பகுதியாகும். பூந்தோட்டத்தில் செம்பருத்திக்கு அசுவினியும் மாவுப்பூச்சியும் வருவது இயல்பு. ஆண்டு விழாவோ மேலதிகாரி வருகையோ நெருங்கும்போது தோட்டம் முழுவதும் மருந்தடித்துச் ‘சுத்தம்’ செய்யும் வழக்கம் பல நிறுவனங்களில் உண்டு. அது மார்ச்சு, ஏப்ரல் மாதங்களில் நேர்ந்தால் விளைவு இதுவே: பூ பறவையை அழைக்கும், பறவை கூடு கட்டும், குஞ்சு பொரிக்கும் வேளையில் சிலந்தியும் பூச்சியும் மடிந்து கிடக்கும். தாய்ப்பறவை தேனருந்தி உயிரோடு இருக்கும். குஞ்சு பட்டினி கிடக்கும். அத்தகைய தோட்டம் பறவைக்குப் புகலிடம் அன்று, பொறியே ஆகும்.

டி.டி.டி. மருந்தை வேளாண்மையில் பயன்படுத்துவது இந்தியாவில் 1989 ஆம் ஆண்டில் தடை செய்யப்பட்டது. ஆயினும் இன்று வழங்கும் இமிடாகுளோப்ரிட் போன்ற மருந்துகள் வேறு வகையில் கருதத் தக்கவை. இவை செடியால் உறிஞ்சப்பட்டு எல்லா உறுப்புகளிலும் பரவுபவை. பூந்தேனிலும் மகரந்தத்திலும் இவற்றின் எச்சம் சேரக் கூடும். மண்ணில் இட்டதால் பூ தப்பிவிட்டது என்று எண்ணுவதற்கில்லை.

பூந்தோட்டத்திற்குப் பின்வரும் முறைகளைப் பரிந்துரைக்கலாம். முதலாவதாக, தாக்குண்ட நுனிகளைக் கிள்ளி எறிதல். அசுவினியை நீரின் வேகத்தால் கழுவி விடுதல். இரண்டாவதாக, அதனால் அடங்காவிடில், மென்சோப்புக் கரைசலையோ வேப்பெண்ணெய்க் கரைசலையோ தாக்குண்ட செடிக்கு மட்டும், மாலை வேளையில், பூக்களைத் தவிர்த்துத் தெளித்தல். மூன்றாவதாக, கட்டடத்தின் முகப்பை ஒட்டடை அடித்தாலும், தோட்டத்தின் ஒரு மூலையையும் வேலியையும் சிலந்திகளுக்கென விட்டு வைத்தல். தேன்சிட்டும் சிலந்தியும் அசுவினிக்கும் சிறு புழுக்களுக்கும் பகையாதலால், இம்மூலையால் தோட்டத்திற்கும் நன்மையே.

மாணவர்க்கான பயிற்சிகள்

ஒரு செடியின் அருகே காலையிலும் மாலையிலும் பத்து நிமிடம் அமர்ந்து, தேன்சிட்டு வந்த தடவைகள், ஆணா பெண்ணா என்பது, அமர்ந்து அருந்தியதா பறந்து அருந்தியதா, பூவின் வாய்வழியாகவா துளையிட்டா, அலகில் பூச்சி இருந்ததா ஆகியவற்றைக் குறிப்பேட்டில் பதிவு செய்யலாம். ஓராண்டு தொடர்ந்து எழுதினால், எந்த மாதத்தில் தோட்டத்தில் பூ இல்லை என்பதை அக்குறிப்பே காட்டிவிடும்; அடுத்த ஆண்டு நட வேண்டிய செடியை அதைக் கொண்டு முடிவு செய்யலாம்.

உயர்நிலை வகுப்புகளில், எட்டும் உயரத்தில் பூக்கும் புரச மரம் இருந்தால், பின்வரும் சோதனையை நடத்தலாம். மொட்டு நிலையிலுள்ள சம அளவான மூன்று பூங்கொத்துகளைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒன்றை மெல்லிய துணிப்பையால் மூட வேண்டும். அதனுள் எதுவும் நுழையாது. மற்றொன்றைச் சுற்றிக் கம்பிச் சட்டம் அமைத்து, தேனீ நுழையக் கூடிய கண்ணளவுள்ள கம்பி வலையை விறைப்பாகப் பொருத்த வேண்டும். அதனுள் பூச்சிகள் மட்டும் செல்லும். மூன்றாவதைத் திறந்தே விட வேண்டும். பூக்களை எண்ணி வைத்து, பின்னர் உண்டாகும் காய்களையும் எண்ணி ஒப்பிட்டால், பூச்சிகளின் பங்கும், பறவை, அணில் ஆகியவற்றின் பங்கும் வெவ்வேறாகத் தெரியவரும். தளர்ந்த நூல் வலையில் பறவையின் கால் சிக்குமாதலால் அதனைப் பயன்படுத்தலாகாது.

முடிவுரை

தேன்சிட்டை வரவழைப்பதற்குப் பெருஞ்செலவு தேவையில்லை. நாலைந்து வகைப் பூச்செடிகள், நீர் தெளிக்க ஒரு கை, துடைக்காமல் விட்ட ஒரு மூலை, கூடு கட்டும் மாதங்களில் மூடி வைத்த மருந்துப் புட்டி ஆகியவை போதும். பறவை வருவது பூவால். அது தங்கிக் குஞ்சு பொரித்துப் பெருகுவது சிலந்தியாலும் பூச்சியாலும். பள்ளித் தோட்டத்தை மேற்பார்க்கும் ஆசிரியரும், அதற்கு ஆலோசனை கூறும் களப்பணியாளரும் இவ்விரண்டையும் சேர்த்தே கருதுவாராயின், ஏப்ரல் மாதத்தில் தொங்கும் கூடு ஜூன் மாதத்தில் குஞ்சுகள் பறந்து சென்ற வெறுங்கூடாக மாணவர் கைக்கு வரும். சிலந்தி நூல் எவ்வளவு உறுதியானது என்பதை அப்பொழுது அவர்கள் தொட்டுப் பார்த்தே அறிந்துகொள்ளலாம்.